பெரியம்மாவின் இரத்தம் என்ன சொன்னது?

என் பெயரில் இதுவரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. இரண்டில் நான் முதல் ஆசிரியர், மற்றவற்றில் நடுவில் எங்கோ. முதலில் வெளிவந்த கட்டுரையின் முதல் அட்டவணையில் என் பெரியம்மா இருக்கிறார். பெயர் இல்லை, ஊர் இல்லை. 'நீரிழிவு உள்ளோர்' என்ற பத்தியில், 'வெறும் வயிற்றுச் சர்க்கரை' என்ற வரியில், ஒரு சராசரி எண்ணுக்குள் அவர் இருக்கிறார். அந்தக் கட்டுரை வெளிவந்து ஏழு மாதம் கழித்து அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

நான் நோய் எதிர்ப்பியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. சொந்த ஊர் பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை பக்கம். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன் ஒரு ஆய்வுத் திட்டத்தில் திட்ட உதவியாளராக இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டக் கிராமங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரு தரப்பிலும் இரத்தம் எடுத்து அன்று மதியத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பதுதான் வேலை. வெள்ளையணுக்கள் சாவதற்குள் பிரித்தாக வேண்டும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்கே காலனிக்குள் போய்விடுவோம். "வெறும் வயித்துல இருங்க" என்று முதல் நாளே சொல்லி வைத்திருப்போம். பச்சை மூடிக் குழாய் இரண்டு, ஊதா மூடிக் குழாய் ஒன்று. கைமாறாக ஒரு டீ, ஒரு பிஸ்கட் பாக்கெட். சின்ன வெங்காயத்துக்குக் களை வெட்டப் போகிறவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தால் அன்றைக்கு வேலை போய்விடும். காத்திருந்தார்கள்.

எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்றால், அது என் ஊர். ஆள் சேர்ப்பது சுலபம். இதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. கட்டுரையில் இதற்கு ஆங்கிலத்தில் கௌரவமான ஒரு சொற்றொடர் எழுதியிருக்கிறோம்.

முதலில் கையை நீட்டியது பெரியம்மாதான். "எங்க பாப்பா டாக்டருக்குப் படிக்குது, வாங்கடி" என்று தெருவையே கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. ஒப்புதல் படிவத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். அதில் கடைசிக்கு முந்தைய வரி: 'பரிசோதனை முடிவுகள் தேவைப்படின் தங்களுக்குத் தெரிவிக்கப்படும்.' யாருக்குத் தேவைப்படின், யார் தெரிவிப்பார்கள் என்று அதில் இல்லை. நானும் கேட்கவில்லை. வாசித்தேன், கைநாட்டு வாங்கினேன், அடுத்த வீட்டுக்குப் போனேன்.

விரல்களை எடுத்த பிறகு மருத்துவமனையில் பார்க்கப் போனபோது பெரியம்மா கோபமாக எதுவும் சொல்லவில்லை. தெரிந்துகொள்ள விரும்புகிறவர் கேட்பதுபோலத்தான் கேட்டார்: "அன்னைக்கு ரெத்தம் எடுத்துட்டுப் போனியே பாப்பா, அது என்னா சொல்லுச்சு?"

ஊருக்குத் திரும்பி என் களக் குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். அவருடைய குறியீட்டு எண் என் கையெழுத்திலேயே இருந்தது. எக்செல் கோப்பில் அந்த வரிசையைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் 238. கட்டுரையில் 'புதிதாகக் கண்டறியப்பட்டோர்' என்று ஒரு பிரிவு வைத்திருந்தோம். அதில் அவரையும் சேர்த்திருந்தோம். கண்டறிந்த செய்தி நடுவர்கள் இருவருக்கும், ஆய்விதழின் பதிப்பாசிரியருக்கும், அதை வாசித்த சிலருக்கும் தெரியும். அவருக்குத் தெரியாது.

இதைப் படித்துவிட்டு "எந்த நிறுவனம், பெயரைச் சொல்லுங்கள்" என்று தோழர்கள் கேட்பீர்கள். சொல்லப் போவதில்லை. சொன்னால் ஒரு மோசமான நிறுவனத்தின் கதையாக இது முடிந்துவிடும். நல்ல நிறுவனங்களின் நல்ல கட்டுரைகளையும் எப்படி வாசிப்பது என்பதுதான் என் கேள்வி. ஆகவே நான் மதிக்கிற ஒரு கட்டுரையிலிருந்தே தொடங்குகிறேன்.

2001 வாக்கில் சென்னையில் 'கியூர்ஸ்' என்ற பெரிய நீரிழிவு ஆய்வு தொடங்கியது. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நடத்தியது. மாநகராட்சி வார்டுகளிலிருந்து 26,001 பேர். அந்த ஒரு ஆய்விலிருந்து வந்த கட்டுரைகளுக்கு வரிசை எண்ணே போட்டிருக்கிறார்கள், எண்ணிக்கை நூறைத் தாண்டிவிட்டது. 83ஆம் எண் கட்டுரை 2010இல் வெளிவந்தது. முதல் ஆசிரியர் வி. அரவிந்தன், சுபாஷ் பாபு, வி. குமாரசாமி, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் தாமஸ் நட்மேன் ஆகியோர் உடன் எழுதியவர்கள். நீரிழிவையும் நோய் எதிர்ப்பியலையும் ஒன்றாகப் பிடித்த கட்டுரை. என் துறைக்கு நான் வந்ததற்கே அது ஒரு காரணம்.

அவர்கள் கேட்ட கேள்வி விசித்திரமானது. யானைக்கால் நோய்ப் புழு உடம்பில் இருப்பவர்களுக்கும் சர்க்கரை நோய்க்கும் ஏதாவது தொடர்பு உண்டா? இரத்தத்தில் அந்தப் புழுவின் தடயத்தைத் தேடினார்கள். சர்க்கரை இல்லாதவர்களில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேரிடம் இருந்தது. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களிடம் நூற்றுக்குச் சுமார் நான்குதான். சர்க்கரை இருந்தும் புழுத் தடயம் உள்ளவர்களிடம் அழற்சியை மூட்டும் டிஎன்எஃப் ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற பொருள்களின் அளவு குறைவாக இருந்தது.

இதற்கு ஒரு விளக்கம் உண்டு. இரண்டாம் வகை நீரிழிவில் வெறும் சர்க்கரைக் கணக்கு மட்டும் கெட்டுப்போவதில்லை. உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சி கனன்றுகொண்டே இருக்கிறது, அது இன்சுலினின் வேலையைத் தடுக்கிறது. புழுவோ பல ஆண்டுகள் நம் உடம்பில் குடியிருக்க வேண்டும். அதற்காக நம் எதிர்ப்பு சக்தியைத் தட்டித் தூங்க வைக்கிறது. அந்தத் தூக்கத்தில் அழற்சியும் அடங்கிப்போகலாம். பின்னாளில் இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் குடற்புழு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மொத்த ஊரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. ஆனால் உண்மையில் புழு இருந்தவர்களிடம் புழு போனதும் இன்சுலின் எதிர்ப்பு கூடியது. 2017இல் அது வெளியானது. சென்னையில் தொடங்கிய கேள்வி காற்றில் எழுதிய கேள்வி அல்ல என்று அதிலிருந்து தெரிந்தது.

நல்ல அறிவியல்தான். இனி இதைச் சாதிச் சமூகம் எப்படி வாசிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். "அழுக்குல கிடக்குறவனுக்கு ஒண்ணும் வராதுங்க, சுத்தமா இருக்குற நமக்குத்தான் எல்லா வியாதியும்." இந்த வாக்கியத்தை நான் பேருந்திலும் கேட்டிருக்கிறேன், பேராசிரியர்களின் டீ மேசையிலும் கேட்டிருக்கிறேன். கட்டுரை எழுதியவர்கள் இப்படிச் சொல்லவில்லை. தொடர்பு வேறு, காரணம் வேறு என்று பொறுப்பாகவே எழுதினார்கள். ஆனால் யானைக்கால் புழுவைச் சுமக்கும் கொசு சாக்கடைத் தண்ணீரில் வளர்கிறது. சாக்கடை எங்கே வந்து தேங்குகிறது? ஊரின் சரிவு எந்தப் பக்கம்? சேரியை எந்தப் பக்கம் வைத்தார்கள்? இதைச் சொல்லும் பத்தி எந்த அட்டவணையிலும் இருப்பதில்லை. வயது, பாலினம், உடல் எடைக் குறியீடு, வருமானம் இருக்கும். சாதி இருக்காது. அது இல்லாத இடத்தில்தான் 'அழுக்கு' என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

'பணக்கார வியாதி' என்பதும் தமிழ்நாட்டில் எப்போதோ பொய்யாகிவிட்டது. ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 15 மாநிலங்களில் 57,117 பேரைப் பார்த்து 2017இல் முடிவுகளை வெளியிட்டது. பெரும்பாலான இடங்களில் வசதியானவர்களிடம்தான் சர்க்கரை அதிகம். ஆனால் தமிழ்நாடு, மகாராஷ்டிரா, சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்பகுதிகளில் கணக்கு தலைகீழ். வசதி குறைந்தவர்களிடம் அதிகம். வசதியானவர்கள் நடைப்பயிற்சிக்கும் சிறுதானியத்துக்கும் போய்விட்டார்கள். மற்றவர்களுக்கு ரேஷன் அரிசியும் கடை வடையும் இரட்டை ஷிப்டும். 2020இல் தமிழ்நாடு அரசு எடுத்த கணக்கெடுப்பில் சர்க்கரை உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் பதினொரு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதற்கு இந்த எண் ஒரு காரணம். இந்த ஊர்களில் இப்போது மாத்திரை வீட்டுக்கு வருகிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் யாருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால்தானே மாத்திரை வரும்?

(பாபாசாகேப் அம்பேத்கர் 1948 முதல் நீரிழிவால் அவதிப்பட்டார். 1954இல் மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவரைப் பற்றி நம் மேடைகளில் ஆயிரம் பேசுகிறோம், அவருடைய காலின் வலியைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.)

கால் என்றதும் பெரியம்மாவின் காலுக்கு வருகிறேன். சர்க்கரை நாளாக நாளாக நரம்பைத் தின்கிறது. பாதத்தில் உணர்ச்சி போகிறது. முள் குத்தினால் தெரியாது, புண் தெரியாது, சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். ஆகவே நீரிழிவு மருத்துவத்தின் பாலபாடம்: வெறுங்காலோடு நடக்காதே. பெரியம்மாவுக்கும் வெளியேற்றச் சீட்டில் அதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். அவர் சிரித்தார். அவர் குமரியாக இருந்தபோது ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாது. காலனி எல்லையில் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து, பேருந்து நிறுத்தத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். எப்போதும் கழற்றிக்கொண்டிருப்பதற்குப் போடாமலே இருந்துவிடலாம் என்று ஆகிவிட்டது. இன்றைக்கு யாரும் தடுப்பதில்லை என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அறுபது வயதுப் பாதத்துக்குச் செருப்பு பழகவில்லை. வெங்காயக் காட்டில் ஈரமண்ணில் எப்படியும் வெறுங்கால்தான்.

இப்போது சொல்லுங்கள், அந்த இரண்டு விரல்களின் நோய்க்காரணத்தை நான் எந்தப் பத்தியில் எழுத வேண்டும்? 'பாதப் பராமரிப்பு குறித்த விழிப்புணர்வு இன்மை' என்று எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் படித்தேன். அவருக்கு விழிப்புணர்வு இருந்தது. செருப்பு போட்டால் என்ன நடக்கும் என்ற விழிப்புணர்வு.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 31 பேர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டுச் சராசரி 20. அரியலூரிலும் சராசரியை விட அதிகம். அங்கே சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சிமெண்ட் லாரிப் புழுதியும் கூடுதல். இப்படிப்பட்ட இரண்டு மாவட்டங்களில் இரத்தம் எடுத்துவிட்டு, சாதி என்ற சொல் இல்லாமல் ஒரு கட்டுரையை எழுதி முடிக்க முடிந்தது என்றால், அதற்கு நாங்கள் கொஞ்சம் பாடுபட்டுத்தான் இருக்க வேண்டும்.

சாதியைக் கேட்டுப் பதிவு செய்தால் அதுவே மரபணுவாக மாறிவிடாதா என்று ஒரு தோழர் என்னிடம் கேட்டார். நியாயமான பயம். இந்திய நோய் எதிர்ப்பியலுக்குள் சாதி வரவே இல்லை என்று சொல்ல முடியாது. அது ஏற்கெனவே வந்திருக்கிறது, வேறு வாசல் வழியாக. 1980களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் குழுவினர் தமிழ்நாட்டுச் சாதிக் குழுக்களில் எச்எல்ஏ வகைகளை ஆராய்ந்தார்கள். எச்எல்ஏ என்பது நம் உயிரணுக்கள் மேல் இருக்கும் அடையாளப் புரதம். எந்தக் கிருமிக்கு உடம்பு எப்படி எதிர்வினை செய்யும் என்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பல தலைமுறைகளாகச் சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் முடித்தால் இந்த வகைகள் குழுவுக்குக் குழு வேறுபடுகின்றன. அறிவியலாக அதில் தவறில்லை. அகமணம் உடம்பில் விட்ட தடயத்தை அது காட்டுகிறது. அகமணமே சாதியின் அடித்தளம் என்று 1916இல் அம்பேத்கர் சொன்னதை வேண்டுமானால் அதோடு சேர்த்து வாசிக்கலாம். ஆனால் கவனியுங்கள். திருமணத்தின் வழியாக உடம்புக்குள் போன சாதி ஆய்வுக்கு உகந்ததாயிற்று. சாக்கடை வழியாக, கூலி வழியாக, கழற்றிய செருப்பின் வழியாக உடம்புக்குள் போகிற சாதிக்கு இன்னும் பத்தி கிடைக்கவில்லை. நான் கேட்பது இரண்டாவதை. புகைபிடிப்பதைக் கேட்கிறோம், மது அருந்துவதைக் கேட்கிறோம். தெருவில் செருப்போடு நடந்தீர்களா, எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தீர்கள் என்று கேட்பதற்கு என்ன தடை?

அடுத்த விஷயம் பட்டியல். எங்கள் உலகத்தில் ஒருவரின் தகுதி என்பது அவருடைய வெளியீட்டுப் பட்டியல். எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எச்-குறியீடு எவ்வளவு. அந்தக் குறியீட்டை 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்தார், இன்றைக்கு வேலை, பதவி உயர்வு எல்லாம் அதன் நிழலில். உலகின் தலைசிறந்த இரண்டு விழுக்காடு விஞ்ஞானிகள் என்று ஆண்டுதோறும் ஒரு பட்டியல் வருகிறது. வந்த மறுநாள் கல்லூரி வாசலில் ஃபிளக்ஸ். தகுதி, தகுதி என்று நம் மீது எறியப்படும் சொல்லின் மிகச் சுத்தமான வடிவம் இது. இட ஒதுக்கீட்டை எதிர்ப்பவர்கள் கடைசியாக வந்து நிற்கும் இடமும் இதுதான்: "ஆராய்ச்சியிலாவது தகுதி வேண்டாமா?"

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை உங்களுக்குத் தெரியும். 1200க்கு 1176. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். உச்ச நீதிமன்றம் வரை போய் நீட் வேண்டாம் என்று வாதாடியவர். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். 2022 ஜனவரியில் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அங்கே ஒரு அரங்கத்துக்கு அவர் பெயர். அனிதா மருத்துவராகியிருந்தால் ஒருவேளை செந்துறை பக்கம் ஏதோ ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்திருப்பார். ஒருவேளை கட்டுரைகளும் எழுதியிருப்பார். அவர் எழுதியிருந்தால் முதல் அட்டவணை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். நிரூபிக்க முடியாது.

பட்டியலில் யார் பெயர் வரலாம் என்பதற்கு விதிகள் உண்டு. மருத்துவ ஆய்விதழ்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட விதிப்படி தரவு சேகரித்தால் மட்டும் போதாது. கட்டுரையை எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு வேண்டும், இறுதி வடிவத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்க வேண்டும். போலி ஆசிரியர்களைத் தடுக்க வந்த நல்ல விதி. எங்கள் திட்டத்தில் செந்துறை பக்கம் ஒரு சுய உதவிக் குழு அக்கா இருந்தார். அவர் இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டு இரத்தம் கிடைத்திருக்காது. வீடு வீடாகப் போய்ப் பேசினார், யார் சாப்பிட்டுவிட்டு வந்து பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்தார், பயந்து ஓடியவர்களைத் திரும்ப அழைத்து வந்தார். கட்டுரை ஆங்கிலத்தில். அவர் எப்படித் திருத்துவார்? நன்றியுரையில் 'களப்பணியாளர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. மறுபக்கம், ஊருக்கே வராத இருவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இருந்தது. அந்த விதி அவர்களை மட்டும் தடுக்கவில்லை.

எல்லாக் கட்டுரையும் இப்படித்தான் என்று சொன்னால் அது சோம்பேறித்தனம். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிமருத்துவ மையம் தொடங்கப்பட்டது. பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆகி, இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மேலே சொன்ன யானைக்கால் கட்டுரையின் ஆசிரியர்களில் சிலர் அதே வளாகத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். சென்னையின் குடிசைப்பகுதி ஏழைகளுக்குப் படுக்கையும் இல்லை, படுத்திருக்க முடிகிற வாழ்க்கையும் இல்லை. 193 நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சானடோரியம், நல்ல சாப்பாடு, ஓய்வு. மறு பிரிவுக்கு நெரிசலான சொந்த வீடு, அரைகுறைச் சாப்பாடு, மாத்திரை மட்டும். ஓராண்டு முடிவில் இரண்டு பிரிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி குணமடைந்தன. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959இல் கட்டுரை வந்தது. உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருத்துவம் என்ற மாற்றத்துக்கு வழி திறந்தது அந்த ஆய்வுதான்.

அந்த 193 பேரின் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரை அவர்கள் தெருவுக்குத் திரும்பி வந்தது, மாத்திரையாக. அண்மைக் காலத்திலும் உதாரணம் உண்டு. 2012இல் இராயபுரம் எம்.வி. மருத்துவமனையின் விஜய் விஸ்வநாதன் குழுவினர் தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று எழுதினார்கள். இன்று காசநோய் என்று பதிவானவருக்கு அரசு மருத்துவமனையில் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எங்கள் கட்டுரைகளில் பெரும்பாலானவை அப்படித் திரும்பி வருவதில்லை. மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் பிளாஸ்மா இருக்கிறது, பட்டியலில் ஒரு வரி கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளுக்கு ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன. ஆய்வின் பலன் பங்கேற்றவர்களுக்கும் அவர்களுடைய சமூகத்துக்கும் போய்ச் சேர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அதை நெறிமுறைக் குழுக்கள் படிவத்தில் ஒரு கட்டமாக வைத்திருக்கின்றன. கட்டத்தில் டிக் அடித்தால் போதும். என் முனைவர் பட்ட ஆய்வுக்கான படிவத்தில் அந்தத் 'தேவைப்படின்' வரியை அடித்துவிட்டு, 'இரத்தம் எடுத்த பத்து நாட்களுக்குள் உங்கள் சர்க்கரை அளவை உங்கள் வீட்டுக்கு வந்து தமிழில் சொல்வோம். அதிகமாக இருந்தால் உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் உங்கள் சம்மதத்தோடு தெரிவிப்போம்' என்று எழுதினேன். குழு ஒரு கேள்வியோடு திருப்பி அனுப்பியது: இதற்கான பயணச் செலவு எந்தத் தலைப்பில்? ஆய்விதழில் கட்டுரை வெளியிடும் கட்டணத்துக்குத் தலைப்பு இருந்தது. அதற்கு யாரும் கேள்வி கேட்கவில்லை. கடைசியில் 'தரவு சரிபார்ப்பு' என்ற தலைப்பில் பயணத்தை நுழைத்தேன். பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. தரவு தன் சொந்தக்காரருக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் சரிபார்ப்புதான்.

அந்த அக்காவை இந்த முறை கட்டுரை வரைவைத் தமிழில் உட்கார வைத்து வாசித்துக் காட்டித் திருத்தம் வாங்கியிருக்கிறேன். ஓரிடத்தில் 'பங்கேற்பாளர்கள் மறுத்தனர்' என்று இருந்தது. "மறுக்கல, அன்னைக்கு நூறு நாள் வேலைக்கு வருகைப் பதிவு எடுத்தாங்க" என்றார். மாற்றினேன். ஆசிரியர் வரிசையில் அவர் பெயர் வருமா என்று இன்னும் தெரியவில்லை, வழிகாட்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

பழைய திட்டத்தின் குறிப்பேடுகள் என்னிடம் இருந்தன. பெரியம்மாவைப் போலச் சர்க்கரை அதிகம் என்று எழுதப்பட்டு, சொல்லப்படாமல் விடப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தேன். எங்கள் ஊரில் ஆறு பேர், செந்துறை பக்கம் பதினொரு பேர். திட்டத்தின் தலைவருக்கு எழுதினேன். பதில் வர இரண்டு மாதம் ஆனது, 'உங்கள் விருப்பம்' என்று வந்தது. அனுமதியாகவே எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். மூன்று பேருக்கு ஏற்கெனவே வேறு வழியில் தெரிந்து மாத்திரை எடுக்கிறார்கள். ஒருவர் இறந்துவிட்டார், எதனால் என்று வீட்டில் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எட்டுப் பேரிடம் சொல்லிவிட்டேன். ஒரு அம்மா, "இதுக்கா இவ்ளோ தூரம் வந்த" என்று மோர் கொடுத்தார்.

மீதி ஐந்து பேர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இரண்டு பேருடைய செல்பேசி எண் கிடைத்திருக்கிறது.